பச்சைக் குட்டையைக் கழுவிய வாரம்

எங்கள் ஊர் பாகூர் பக்கம். கடல் இரைச்சல் கேட்கும், கடல் தெரியாது. அந்த ஊர்ச் சாக்கடைத் தண்ணீருக்கு ஒன்பது வருஷம் நான் காவல்காரனாக இருந்தேன். வேலையில் சேர்ந்த அன்றைக்கே கடைத்தெருவில் ஒருவர், "அத எவன்பா திருடிகினு போவப் போறான்?" என்று கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் ஜனங்களின் வாய் அப்படி. நான் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு சரி. மிச்சம் படித்ததெல்லாம் பொட்டலம் கட்டிய பேப்பரிலும் இந்த ஜனங்களின் வாயிலும்தான்.

எழுபதுகளின் கடைசியில் கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து ஊருக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி, மூன்று குட்டைகள் வெட்டினார்கள். தெருச் சாக்கடையெல்லாம் ஒரே வாய்க்காலாகச் சேர்ந்து முதல் குட்டையில் விழும். கசடு அங்கே அடியில் தங்கிவிடும். மேல்தண்ணீர் இரண்டாவது குட்டைக்கு வழியும், பிறகு மூன்றாவதுக்கு. மூன்றாவதிலிருந்து வெளியேறும் தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலில் கடலைப் பார்த்துப் போகும். மோட்டார் கிடையாது, மெஷின் கிடையாது. வெயிலும் காற்றும்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

வாய்க்கால் வந்து விழுகிற இடத்தில் ஒரு கம்பித் தடுப்பு. அதில் சிக்குகிற செருப்பு, வாழையிலை, தேங்காய் மட்டை எல்லாவற்றையும் நீளமான வாருகோலால் இழுத்துக் கரையில் போடுவது என் வேலை. வரும் தண்ணீரைப் பார்த்தே ஊர் நடப்பைச் சொல்லிவிடுவேன். சோப்பு நுரை மிதந்து வந்தால் ஞாயிற்றுக்கிழமை. மஞ்சள் கலந்து வந்தால் யார் வீட்டிலோ நல்ல காரியம். பழுப்பாய், வெந்த நெல் வாசனையோடு வந்தால் அரிசி ஆலையில் புழுங்கல் போட்டிருக்கிறார்கள். "எங்க வூட்ல இன்னா கொழம்புன்னு நீயே சொல்லிடுவ போல" என்று மளிகைக்கடை பாய் கிண்டல் செய்வார். "நேத்து மீன் கழுவின தண்ணி உங்க தெருவுலேர்ந்துதான் வந்துச்சி பாய்" என்பேன். அவர் கடையில் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

முதல் குட்டை கறுப்பு. இரண்டாவது நல்ல பச்சை, அரைத்த கறிவேப்பிலை மாதிரி. மூன்றாவது இளம்பச்சை, கை விட்டால் விரல் தெரியும், மீன் துள்ளும். ஜனங்கள் மூன்றையும் சேர்த்துப் பச்சைக் குட்டை என்றே சொன்னார்கள். ஆரம்பத்தில் எனக்கே அந்தப் பச்சையைப் பார்த்தால் ஒரு மாதிரியாக இருந்தது. காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஓவர்சியர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர், கரையில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தபடி ஒரு நாள் சொன்னார்:

"அண்ணே, அந்தப் பச்சை இருக்கே, அது கண்ணுக்குத் தெரியாத பாசி. வெயிலத் தின்னுட்டுத் தண்ணிக்கு மூச்சு குடுக்குது. அதுதான் இங்க வேல செய்யுது. நாம சம்பளம் வாங்குறோம், அவ்ளோதான்."

அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது குட்டையின் வாய்க்காலை ஒட்டி ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு குழி நிலம் இருந்தது. அவள் புருஷனுக்கு ஆலை வேலையில் வலது கை விரல்கள் போய்விட, வீட்டோடு இருந்தான். இரண்டு பெண் பிள்ளைகள். முன்பு அந்த நிலத்தில் அவள் மணிலாக்கொட்டை போட்டு மழையை நம்பி இருந்தாள். குட்டை வந்த பிறகு வாய்க்காலில் ஒரு கண் திறந்து கீரை போட்டாள். அரைக்கீரை, தண்டுக்கீரை, முளைக்கீரை. இரண்டே மாதத்தில் அந்தக் குடும்பமே கீரையை நம்பித்தான் என்று ஆனது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். விடிந்ததும் பறித்துக் கட்டுக் கட்டி, கூடையில் ஈரத்துணி மூடி, ஊருக்குள் தெருத் தெருவாய்ப் போவாள். ஒன்பது மணிக்குக் கூடை காலி.

என்ன தண்ணீர் பாய்ச்சுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குட்டை ஊருக்குக் கிழக்கே. அந்தப் பக்கம் வேலையில்லாமல் வருகிறவர் யார்? நிலத்துக்குப் பக்கத்தில் இருந்த நாலு பேருக்குத் தெரியும். அவர்களும் அதே கீரையை வாங்கித்தான் தின்றார்கள். என் வீட்டிலும் வாரத்தில் மூன்று நாள் அதுதான்.

"இன்னாண்ணே, ஒங்க தண்ணி இன்னிக்கிச் சோம்பலா வருது?" என்பாள்.

"பொங்கலுக்கு ஊர்ல எவனும் குளிக்கல போலம்மா."

"குளிக்கச் சொல்லுங்கண்ணே. எம் பயிர் வாடுது."

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

இதில் ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். குட்டைக்குத் திறப்பு விழா நடக்கவே இல்லை. கட்டி முடித்த வருஷம் மழை முன்னதாகவே வந்து, சாக்கடை பொங்கி, தானாகவே குட்டைக்குள் இறங்கிவிட்டது. விழாவுக்குப் பெரியவர்களிடம் தேதி கிடைக்கவில்லை. பெயரெல்லாம் வெட்டி, தேதிக்கு மட்டும் இடம் விட்ட கல்வெட்டு ஒன்று ஓவர்சியர் அறையில் சுவரைப் பார்த்து நின்றது. அதன் மேல் நாங்கள் சாப்பாட்டுத் தூக்கை வைப்போம்.

மூன்றாவது வருஷம் தை மாசம் தேதி கிடைத்துவிட்டது. மந்திரி வருகிறார். பத்து நாள் இருந்தது.

மறுநாளே கொம்யூன் ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். பழைய ஆட்கள் அவருடைய அலுவலகத்தை இன்னும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெயரால் மேரி என்றுதான் சொல்வார்கள். அவர் நல்ல மனுஷர். என் மூத்த மகளுக்குக் காய்ச்சல் என்றபோது ஜீப்பை அனுப்பியவர். கரையில் நின்று இரண்டாவது குட்டையைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இன்னாய்யா இது, இப்பிடிப் பாசி புடிச்சிக் கெடக்குது? மூணு வருஷமா இன்னா வேல பாக்குற நீ?"

ஓவர்சியர் மெல்லச் சொன்னார்: "சார், பச்சையா இருந்தாத்தான் சார் வேல செய்யுதுன்னு அர்த்தம்."

"அத மந்திரிகிட்ட நீ சொல்லுவியா? போட்டோ புடிக்க ஆளு வர்றாங்க. பாசிக் குட்டைக்கு ரிப்பன் வெட்டச் சொல்றியா? எறச்சிக் கழுவி உடுங்க. தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கணும்."

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனுஷன் வருகிறான் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், கிணற்றைத் தூர் வாருவோம், மாட்டுக்குக் கொம்பு சீவுவோம். அந்த வழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, சாக்கடைக் குட்டையைக் கழுவக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது? எனக்கே அது பாதி நியாயமாகத்தான் பட்டது. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் வந்தாள். கையில் புதுசாய் வாங்கிய கீரை விதைப் பொட்டலம்.

"தண்ணி நிறுத்தப் போறாங்களாமே, நெசமாண்ணே? நான் வெதைக்கலாமா வேணாமா?"

"நாலு நாளும்மா. விழா முடிஞ்சா பழையபடி வந்துடும். நீ வெதை."

அவள் விதைத்தாள்.

ஊர்ச் சாக்கடையைப் பக்கத்து ஓடையில் திருப்பிவிட்டோம். இரண்டு ஆயில் இன்ஜின் வைத்து இரண்டாவது, மூன்றாவது குட்டைகளை இறைத்தோம். மீனை யார் யாரோ கூடையில் அள்ளிக்கொண்டு போனார்கள். பதினைந்து ஆட்கள் இறங்கி, தென்னை விளக்குமாற்றால் கரைக் கல்லைத் தேய்த்தார்கள். பிறகு பக்கத்துக் கொல்லையின் போர் கிணற்றுத் தண்ணீரை இரண்டு நாள் ராப்பகலாக நிரப்பினோம். அதற்குப் பிறகும் ஆபீசருக்குத் திருப்தி இல்லை. "வெயிலுக்கு மறுபடி பச்சை கட்டிடும்யா" என்றார். மூட்டை மூட்டையாய் பிளீச்சிங் பவுடரும், பாசியைக் கொல்ல, வயலுக்கு வாங்கும் மயில்துத்தமும் வந்தன. துத்தத்தைக் கோணியில் கட்டி, பரிசல் மாதிரி ஒரு தகரத் தொட்டியில் உட்கார்ந்து, குட்டை முழுக்க இழுத்துக் கரைத்தவன் நான்தான். வேறு யாரும் இல்லை.

விழா அன்று தண்ணீர் நீலக் கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் குட்டையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கு முன்னால் சாமியானா துணி கட்டி மறைத்தார்கள். பாகூர் ஏரியிலிருந்து தாமரை கொண்டுவந்து மூன்றாவது குட்டையில் மிதக்க விட்டார்கள். கல்வெட்டில் தேதியைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். மந்திரி குனிந்து பார்த்துவிட்டு, "குடிக்கலாம் போலிருக்கே" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு கிழவர் மட்டும், "மொதல்ல நீ குடிடாப்பா" என்று முனகினார். பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மறுநாள் ஊர்ச் சாக்கடையைத் திறந்துவிட்டோம்.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் மூன்றாவது குட்டை கலங்கியது. ஆறாம் நாள் சாம்பல் நிறம். பத்தாம் நாள் மூன்று குட்டையும் ஒரே கறுப்பு. வேலை செய்கிற பச்சையை நாங்கள் கொன்றிருந்தோம்; வருகிற அழுக்கைத் தின்ன அங்கே யாரும் இல்லை. மதியத்துக்கு மேல் கடல் காற்று கிளம்பும். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தக் காற்றுக்காகச் சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் காத்திருப்பார்கள். அந்தக் காற்று இப்போது குட்டையைத் தொட்டுவிட்டு ஊருக்குள் நுழைந்தது. கதவைச் சாத்தினார்கள். சாப்பாட்டு நேரத்தை மாற்றினார்கள். "மந்திரி வந்துட்டுப் போன வாசனை இன்னும் போவல" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. மற்ற நாளாக இருந்தால் அதை நானும் பத்து பேரிடம் சொல்லியிருப்பேன்.

துத்தம் கலந்த தண்ணீர் முதலில் அவள் நிலத்துக்குத்தான் போயிருந்தது. முளைத்த நாற்று நுனி கருகி நின்றது. அவள் கருகியதைப் பிடுங்கிவிட்டு, மிச்ச விதையை மறுபடி போட்டாள். இந்த முறை பக்கத்துக் கொல்லைக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, குடத்தில் போர் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். பெண் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஆளுக்குப் பத்து குடம். கீரை வந்தது. முன்போல அகலம் இல்லை, ஆனால் நல்ல கீரை. குட்டைத் தண்ணீர் ஒரு சொட்டுப் படாத கீரை.

அதற்குள் ஊரில் பேச்சு மாறியிருந்தது. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஜனங்கள் கிழக்கே நடந்து வந்தார்கள் அல்லவா? குட்டையைப் பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்த கீரைப் பாத்தியையும் பார்த்தார்கள். இரண்டு தெருவில் அவளிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மற்றத் தெருக்களில் இன்னும் வாங்கினார்கள். விஷயம் அங்கே போகவில்லை.

ஒரு நாள் காலையில், பாதிக் கூடை திரும்பி வந்த கீரையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதான வெதைச்சேன்."

நான் வாருகோலைக் கீழே வைத்தேன்.

"திட்ட வரலண்ணே. ஒரு ஒத்தாச. ஒரு நாள் எங்கூட வாங்க. இது போர் தண்ணி கீரைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா விக்கறவ பேச்சும்பாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. நாலு பேருகிட்டப் பேசத் தெரிஞ்ச ஆளு நீங்க."

பேசத் தெரிந்த ஆள் என்று அவள் சொன்னது எனக்குள் ஏதோ செய்துவிட்டது. செய்த பாவத்துக்கு இதையாவது செய்வோம் என்று மறுநாள் காலை குளித்து, காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு அவளோடு கிளம்பினேன். காக்கிச் சட்டை போட்டால் மரியாதை என்று நினைத்தேன்.

முதலில் பாய் வீட்டுத் தெரு. அங்கே அவளுக்கு இன்னும் வாடிக்கை இருந்தது. பாயின் வீட்டம்மா கதவைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் "வாம்மா, ரெண்டு கட்டு வை" என்றவர், பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"இவரு இன்னாத்துக்கு வந்திருக்காரு?"

நான் என் திறமையெல்லாம் காட்டினேன். "அம்மா, இந்தக் கீரை நம்ம குட்டைத் தண்ணியில வெளைஞ்சதே இல்லம்மா. போர் தண்ணி. எங் கண்ணால பாத்தேன். முன்னாடி மூணாங் குட்டைத் தண்ணி பாய்ச்சினப்பகூட அது சுத்தமான தண்ணிதான். ரெண்டு வருஷம் நீங்களே சாப்ட்டீங்களே, ஒண்ணும் ஆவலியே?"

அந்த அம்மாவின் கை, எடுத்த கீரைக் கட்டை அப்படியே கூடையில் வைத்தது. மெதுவாகத்தான் வைத்தார், முகத்தில் கோபம்கூட இல்லை.

"ரெண்டு வருஷமாவா?" என்றார்.

அவ்வளவுதான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "இன்னாக்கா?" "ஒண்ணுமில்லடி, நாம தின்ன கீரை சாக்கடைக் கீரையாம். காவக்காரரே சொல்றாரு." நான் "இல்லம்மா, அப்பிடி இல்லம்மா" என்கிறேன். பேசப் பேச அது பெருகியது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. நாங்கள் தெருமுனைக்குப் போவதற்குள் சேதி எங்களுக்கு முன்னால் போய் நின்றது. குட்டைக்காரன் காக்கிச் சட்டையோடு கீரைக்கூடைக்குப் பின்னால் வருகிறான் என்றால், அதற்கு மேல் யாருக்கு எதை விளக்க வேண்டும்?

மூன்றாவது தெருவில் அவள் நின்றுவிட்டாள்.

"போதும்ணே. நீங்க போங்க."

"இல்லம்மா, அந்தத் தெருவுல ஒரு தடவ..."

"போங்கண்ணே."

அவள் அழவில்லை. கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கிழக்கே நடந்தாள். நான் தெரு நடுவில் நின்றேன்.  பிறகு அவள் பின்னாலேயே குட்டைப் பக்கம் போனேன்.

அந்தக் கூடையில் இருந்ததை நான்தான் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகும் தினம் வாங்கினேன். என் மனைவி மூன்று நாள் ஒன்றும் சொல்லாமல் ஆய்ந்து சமைத்தாள். நாலாம் நாள், "கொழாயாண்ட பொம்பளைங்க நம்ம புள்ளைங்களப் பக்கத்துல ஒக்கார வைக்காதீங்கன்னு பேசிக்கறாங்க" என்றாள். அவள் மீதும் தப்பு சொல்ல முடியாது. அன்று இரண்டு வாய் வைத்தேன். போர் தண்ணீர் கீரை என்று ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவன்? எனக்கே மூன்றாவது வாய் இறங்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். இதைக் கீரைக்காரியிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

சித்திரை வெயில் ஏறியதும் இரண்டாவது குட்டையில் ஒரு மூலை பச்சை கட்டியது. ஓவர்சியர் குழந்தை பிறந்தவர் மாதிரி ஓடி வந்து காட்டினார். வைகாசி முடிவதற்குள் எல்லாம் பழையபடி. கறிவேப்பிலைப் பச்சை, பிறகு இளம்பச்சை, விரல் தெரிகிற தண்ணீர். காற்றும் சுத்தமாகிவிட்டது. ஆபீசர் ஒரு தடவை வந்து பார்த்து, பச்சையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனார். அவரைக் கேட்க எனக்கும் ஒன்றும் இல்லை.

நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வந்து பார்த்தாள். வாய்க்காலில் கை விட்டுத் தண்ணீரை அள்ளி முகர்ந்தாள்.

"நல்ல தண்ணிண்ணே."

"அப்ப வெதைம்மா. நான் பாத்துக்கறேன்."

"வெதைச்சா மொளைக்கும். யாரு திம்பாங்க?" கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சேலியமேட்டுத் தோட்டக்காரர்கிட்டப் பேசிட்டேன். விடியறதுக்குள்ள போயி அவங்க கீரைய எடுத்தாந்து விக்கப் போறேன். வேற ஊரு கீரைன்னா வாங்குவாங்களாம். பாய் வூட்டம்மாவே சொல்லிட்டாங்க."

"நல்லதுதான்மா" என்றேன்.

அவள் போகாமல் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. கடைத்தெருவுல என்னப் பாத்தா பேசாதீங்கண்ணே. கூப்புடாதீங்க. நீங்க பக்கத்துல நின்னாலே இது அந்தக் கீரைன்னு நெனைச்சிடுவாங்க."

சரி என்றேன். 

அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான் அந்தக் குட்டையில் வேலை பார்த்தேன். அவள் பன்னிரண்டு குழியில் கோரை மண்டியது. சேலியமேட்டில் அந்தக் கீரைக்கு எந்தத் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. காலையில் கடைத்தெருவில் அவளைப் பார்ப்பேன். எல்லாரிடமும் நின்று பேசுகிற நான், அவள் கூடை இருக்கிற பக்கம் வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவேன். ஒரு தடவை டீக்கடையில் கூட்டம் நெருக்கி, தப்பிக்க வழியில்லாமல் நேருக்கு நேராய் வந்துவிட்டேன். அவளைச் சுற்றி நாலைந்து பெண்கள் கீரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் நிமிர்ந்தாள். ஒரு கண் சிமிட்டல் நேரம். பிறகு எல்லாரையும் கேட்கிற அதே குரலில், "கீரை வேணுமா சார்? சேலியமேட்டுக் கீரை" என்றாள்.

"வேணாம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.